கையைக் கைகழுவியவள்

அழுக்கு என்றால் என்னவென்று சலவைக்காரனுக்கு எவனும் பாடம் நடத்த வேண்டாம். லாட்ஜ் மெத்தை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்போது பார்க்க வேண்டும். எவனோ வாந்தி எடுத்தது, எவளோ தலைச்சாயத்தோடு புரண்டது, எண்ணெய்ப் பிசுக்கு, எச்சில், சுருண்டு கிடக்கும் முடி. கோட்டு மாட்டிக்கொண்டு வந்து தங்குகிற பெரிய மனுஷர்களின் லட்சணமெல்லாம் அந்த மூட்டையை அவிழ்த்தால் தெரியும். படித்தவன் விரிப்பும் ஒரே நாற்றம்தான்.

அந்த நாற்றத்துக்குள் கையை விட்டு, ஒரு வாடகை மெஷினில் ஆரம்பித்து, சொந்தமாக மூன்று மெஷின், ஒரு வேன், மாடியில் வீடு என்று எழுந்து நின்றவர் இந்தப் பெண்ணின் அப்பா. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காத மனுஷன். சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவன் கொஞ்சம் மார்தட்டினால் அதில் தப்பே இல்லை. ஆனால் எதைச் சொல்லி மார்தட்டுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? அவர் மார்தட்டியது மகளைச் சொல்லி.

அவளுக்குப் பதினாறு வயசு. வேலையாட்கள் வைத்த பேர் மோப்பம். துவைத்து, காய்ந்து, இஸ்திரி முடிந்து வருகிற விரிப்பை இரண்டு மூலையையும் பிடித்துத் தூக்குவாள். வெளிச்சத்தில் பார்ப்பாள். மூக்கருகே கொண்டு போவாள். மற்றவர் கண்ணுக்குப் பாலாக வெளுத்திருக்கும் துணியில் எதையோ கண்டுபிடித்து, இன்னொரு தடவை போடச் சொல்வாள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வார்:

"என் பொண்ணு கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுங்க. எந்நேரமும் கை கழுவிக்கிட்டேதான் இருப்பா. சுத்தம் அவ ரத்தத்துலயே ஊறினது."

அவளுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருத்தர் கேட்கவில்லை. தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் அதிகம் கேட்ட சொல் ஒன்று உண்டு. மூட்டைப் பக்கம் போனால், ச்சீ. வேன் சக்கரத்தைத் தொட்டால், ச்சீ. எல்லா வீட்டிலும் சொல்வதுதான். பிள்ளைகளும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு மறுபடி தொடுவார்கள். இவளுக்கு மட்டும் போன வருஷம், ஏனென்றே தெரியாமல், அந்தச் சொல் தலைக்குள் குடியேறிவிட்டது. தன் நினைப்புதான் அது என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன, விரட்ட முடியவில்லையே. கதவுப் பிடி, ச்சீ. பஸ் கம்பி, ச்சீ. பக்கத்து பெஞ்சுக்காரி வாங்கித் திருப்பிக் கொடுத்த பேனா, ச்சீ. கழுவினால் கொஞ்சம் அடங்கும். குழாயை மூடக் கையை வைத்ததும் மறுபடி எழும். குழாயும் அழுக்குதானே.

பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போக அருவருத்து, நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். மயங்கி விழுந்தாள். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதிலும் அப்பா ஒரு பெருமையைக் கண்டுபிடித்தார். அந்தக் குப்பைமேட்டில் தன் பெண் எப்படிப் படிப்பாள் என்று. பிள்ளை உருகிக்கொண்டிருக்கிறாள், இவருக்குப் பெருமை ஒரு கேடு. டாக்டரிடம் காட்டலாமா என்று அம்மா இழுத்தபோது சிரித்தார்.

"சுத்தமா இருக்கிறதுக்கு ஒரு டாக்டரா? அழுக்கா திரியறவனைக் கூட்டிட்டுப் போடி."

அம்மாவும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சோப்பு போதவில்லை. கீழே கறை எடுக்க வைத்திருந்த மருந்துத் தூளை அவள் மாடிக்கு எடுத்துப் போக ஆரம்பித்தாள். தோல் வெளுத்தது, பிறகு சுருங்கியது, பிறகு விரல் மடிப்புகளில் வெடித்தது. கையை முழுக்கைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள். ஊரில் ஆளை ஆள் கைகழுவுவது உண்டு. தன் கையையே கைகழுவியது இவள் ஒருத்திதான்.

ஒரு காலை லாட்ஜ் மேனேஜர் தானே ஒரு கட்டு விரிப்போடு வந்து, மேசை மேல் பொத்தென்று போட்டார். வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளிகள். இப்படியே போனால் வேறு சலவைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. கறை, அதுவும் தன் கடையிலா? நேரே இஸ்திரி அக்காவிடம் போனார். முதல் மெஷின் நாளிலிருந்து கூட நிற்கிறவள் அவள்.

"உன் பெட்டிதான் துரு கக்குது."

அக்கா பெட்டியை ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினாள். பொட்டு அழுக்கு இல்லை. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. மேனேஜர் எதிரில் யாராவது ஒருத்தர் தலை உருள வேண்டும், அவ்வளவுதான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"துரு பெட்டியில இல்லேண்ணே, உங்க கண்ணுக்குள்ள இருக்கு" என்று முணுமுணுத்தபடி அக்கா பெட்டியை இறக்கி வைத்தாள்.

மோப்பம் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். புள்ளிகள் எங்கே இருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். இரண்டு மூலையில். அவள் பிடித்துத் தூக்குகிற இரண்டு மூலையில். வாயைத் திறந்தால், உலகத்திலேயே எதைக் கண்டு நடுங்கினாளோ அது அவளேதான் என்றாகிவிடும். திறக்காவிட்டால் அக்கா தெருவில். இறங்கி வந்தாள்.

"அப்பா, அது துரு இல்ல."

"நீ மேல போ கண்ணு. இந்த அசிங்கத்தையெல்லாம் நீ பாக்காத."

"அந்த அசிங்கம் நான்தாம்பா."

சட்டைக் கையை மேலே இழுத்தாள். ரத்தம் கசிந்து ஈரம் காயாத சிவப்பு, நடுவில் வெள்ளை வெள்ளையாக உரிந்த தோல். மேனேஜர் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அப்பா பின்வாங்கி மெஷினில் முட்டிக்கொண்டார். அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது அந்தச் சொல்.

"ச்சீ."

அவள் தலையாட்டினாள். "இதேதாம்பா. எனக்குள்ள எப்பவும் இதேதான் கேக்குது. கழுவினா நிக்கும்னு பாத்தேன். நிக்கல."

அக்காதான் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். உன் கை அழுக்கு அக்கா என்று பெண் உதறினாள்.

"அழுக்குதான் பாப்பா. இருந்துட்டுப் போவுது."

அப்பா அன்றைக்கு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கீழே இருந்த பெட்டியை அவரே தூக்கி மேசையில் வைத்தார். பிறகு மகளைக் கூட்டிப்போன மனநல மருத்துவமனையில், தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்கப்பட வேண்டியதற்கு வெட்கப்படாதவர், இதற்கு வெட்கப்பட்டார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இது நோய். பெற்றவர்கள் சொன்ன ஒரு சொல்லால் வந்துவிடாது. அகப்பட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்டும். மாத்திரை உண்டு, அதோடு பழக்கமும் வேண்டும். தொட வேண்டும், ச்சீ கத்தும், கத்தவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். கத்திக் கத்தி அதுவே ஓயும். விரிப்பு பார்க்கிற வேலை இனி கிடையாது.

"கழுவக் கூடாதுன்னு சலவைக்காரன்கிட்டயே சொல்றீங்களா?" என்றார் அப்பா.

"விரிப்பைக் கழுவுங்க. இவளைத் திரும்பத் திரும்பக் கழுவ விடாதீங்க."

சொல்வது சுலபம். கதவுப் பிடியைத் தொட்டுவிட்டு வாந்தி எடுத்தாள். பக்கத்தில் நின்ற அப்பா மேல் செருப்பை வீசினாள். சில நாள் திருட்டுத்தனமாகக் கழுவிவிட்டு, கழுவவில்லை என்று பொய் சொன்னாள். கை ஆறியது, மறுபடி வெடித்தது, மறுபடி ஆறியது.

மழைக்காலம் வந்தபோது லாட்ஜ் மேனேஜர் கணக்குப் பார்க்க வந்தார். மோப்பம் துவைக்காத மூட்டை ஒன்றின் மேல், கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவால் சும்மா இருக்க முடியுமா? மார்தட்டாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

"பாத்தீங்களா என் பொண்ணை? உங்க லாட்ஜ் விரிப்பைத் தொட்டா. வெறுங்கையால. காலையிலிருந்து கை கழுவலைங்க. உங்களால முடியுமா?"

மேனேஜர் முகம் கோணியது. "ச்சீ" என்றார்.

அதே நேரத்தில் அவளுக்குள்ளும் அது கேட்டது. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாக்கா, அவருக்கும் இருக்கு."

அக்கா பெட்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மோப்பம் அதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கை நாறியது. நாறட்டும் என்று இருந்தாள்.