பத்து முறை இடது பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த மேஜை. தம்பி பிறப்புச் சான்றிதழ் எழுதுவார். அவருக்கு இடப்பக்கம் அண்ணன் இறப்புச் சான்றிதழ் எழுதுவார். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பிறப்பு சார், இறப்பு சார், அவ்வளவுதான். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடம் ஆகிறது. "சாவு முத்திரைய என் மைப்பெட்டியில தொடாதீங்கண்ணா, பச்சப் புள்ளைங்க பேர் எழுதுற இடம்" என்று தம்பி ஒருநாள் வாயை விட்டுவிட்டார். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய மைதான். வீம்புக்கு அதெல்லாம் தெரியுமா?

அண்ணன் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். "அதுக்குள்ள அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும்ப்பா" என்று தபால் பிரிவில் இருக்கிற என்னிடம் தம்பி புலம்பாத நாளில்லை. அண்ணன் எதிரே வந்தாலோ இவர் வாய்க்குப் பூட்டு.

ஒரு திங்கட்கிழமை தம்பி கழுத்து பிடித்துக்கொண்டு, வலப்பக்கமே பார்த்தபடி வந்தார். தலையணை செய்த வேலை. குழந்தை பெற்றவர்கள் முன்னால் நிற்க, இவர் பீரோவிடம் "கொழந்தை பேர் என்ன?" என்று கேட்டார். மதியத்துக்குள் வரிசையே பீரோ பக்கம் நகர்ந்துவிட்டது. காவலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தான். "ஒரே முறுக்கு சார், சடக்குன்னு நேரா வந்துடும்." தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நான் அவரைப் பிசியோதெரபி அம்மாவிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மா கழுத்தில் கை வைக்கவேயில்லை; முதலில் கேள்விதான். "கீழ விழுந்தீங்களா? காய்ச்சல் உண்டா? தலை சுத்துதா? கை மரத்துப் போகுதா? பட்டன் போடக் கை தடுமாறுதா?" எல்லாவற்றுக்கும் இவர் சுவரைப் பார்த்து இல்லை என்றார். பிறகு அந்த அம்மா இவர் முழங்கையில் சின்னச் சுத்தியலால் தட்டினார், விரல்களின் பலம் பார்த்தார், கோட்டின் மேல் நடக்கவிட்டார். நேராகத்தான் நடந்தார்; பார்வை மட்டும் ஜன்னலில்.

"தசைப்பிடிப்புதான். யாரையும் முறுக்க விடாதீங்க. வெந்நீர் ஒத்தடம் குடுங்க. மணிக்கொரு தடவை, வலி பொறுக்குற அளவுக்கு, மெதுவா இடது பக்கம் பத்து முறை திரும்பணும். கை மரத்தாலோ தலை சுத்தினாலோ நிறுத்திட்டு உடனே டாக்டர்கிட்ட போங்க."

"வலது பக்கம் திரும்பினா ஆகாதாம்மா?"

"அங்கதானே ஏற்கெனவே இருக்கீங்க!"

இடது பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

மறுநாளிலிருந்து கடிகாரம் மணி அடித்தால் பிறப்பு சார் திரும்புவார். முதல் நாள் அண்ணனின் பேனா வரைக்கும் எட்டியது, இரண்டாம் நாள் காது வரைக்கும். அண்ணன் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வரிசையில் நின்ற துக்க வீட்டார் தங்களைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து, பதிலுக்குச் சோகமாகத் தலையசைத்தார்கள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, இரட்டைக் குழந்தைக்காரர் ஒருவர் அவசரப்படுத்தினார். தம்பி பாதியில் நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்தார்.

இறப்பு சார் கோப்பைக் கீழே வைத்தார்.

"ஒம்போதுதான்டா ஆச்சு. இன்னொண்ணு பாக்கி. திரும்பு."

பிறப்பு சார் அழுதுகொண்டே திரும்பினார்.