கழுவிய தரையில் மீனாவின் காலடி

1908 டிசம்பர் 12, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்று பத்து. காலையிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த மழை அந்நேரத்துக்குத் தூறலாக இளைத்திருந்தது, காற்று கடலிலிருந்து அடித்தது. இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் துறைமுகக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதியவன், நேரத்திலும் எண்ணிக்கையிலும் தவறாதவன். ஆவி, பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். இன்றும் அப்படித்தான். நீங்கள் சிரிக்க நினைத்தால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் கடைசிவரை கேளுங்கள்.

சிங்கப்பூரில் காத்தோங் கடற்கரையில் எனக்கொரு பலகை வீடு. தூண்களின்மேல் நிற்கும், அத்தாப்பு ஓலைக் கூரை, கூடமும் இரண்டு அறைகளும், வாசலில் ஏழு படி. கடற்காற்று வாங்க வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். நோயிலிருந்து எழுந்தவர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள், சீன வியாபாரிகளின் குடும்பங்கள் என்று பலரும் வருவார்கள். சனிக்கிழமை மத்தியானம் ஒரு குடும்பம் போகும், சாயங்காலம் இன்னொன்று வரும். இடையில் நானும் என் மனைவி கமலமும் சிராங்கூன் சாலையிலிருந்து போய் வீட்டைக் கூட்டிக் கழுவித் தயார் செய்வோம்.

எங்களுக்குள் சண்டை வருவதே அங்கேதான். வீட்டிலிருந்து ஒருவர் பயணம் புறப்பட்டால் அவர் போய்ச் சேரும்வரை துடைப்பத்தைத் தொடக்கூடாது என்பது நம் வழக்கம். பிணம் எடுத்த வீட்டைத்தான் உடனே கூட்டிக் கழுவுவார்கள். கமலம் இதில் பிடிவாதமாக இருந்தாள். வாரம் ஒரு நாள் வீட்டைச் சும்மா போட்டால் வருஷத்தில் ஐம்பத்திரண்டு நாள் வாடகை போகுமே என்பது என் கவலை. வாதாடிப் பலனில்லை என்று கண்டதும் அவள், சோறு வடிக்கிறேன், துணி மடிக்கிறேன் என்று எதையாவது செய்து பொழுதை ஓட்டுவாள். போனவர்கள் வீடு சேர்ந்திருப்பார்கள் என்று தோன்றிய பிறகுதான் துடைப்பம் எடுப்பாள்.

அந்தச் சனிக்கிழமை அதற்கு வழியில்லை. அடுத்து வரவேண்டிய நோன்யா அம்மாள், மலாய் பேசும் சீன வியாபாரி ஒருவரின் தாயார், மூன்று மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

போனவர்கள் செல்லமுத்துவும் அவர் மனைவி தனமும். அவர் சிராங்கூன் சாலையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். முன்பு பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவது மீனா, நான்கு வயது. அவளுக்குக் காய்ச்சல் வந்து, கடற்காற்றில் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று மருத்துவர் சொன்னதால் வந்திருந்தார்கள். புதன்கிழமை நான் ஓலை மாற்றப் போனபோது அந்தப் பெண் என் பின்னாலேயே சுற்றினாள். ஓலையை நான் எண்ண எண்ண, அவளும் எண்ணினாள். ஆறுக்குப் பிறகு எப்போதும் ஒன்பது.

ஒன்று பத்துக்கு அவர்கள் வண்டி புறப்பட்டதும் துடைப்பத்தை எடுத்தேன்.

“ஏங்க, அதைக் கீழ வைங்க. வண்டி இன்னும் முக்குகூடத் திரும்பல” என்றாள் கமலம்.

“மூணு மணிக்கு ஆள் வருது. உள்ள பாரு, பாதிக் கடற்கரை இங்கதான் கிடக்கு.”

“காய்ச்சல் விட்டு நாலு நாள்கூட ஆகாத புள்ளங்க. அது வீடு போய்ச் சேரட்டும். பொணம் போன வீடு மாதிரி கழுவுறேங்கிறீங்களே!”

“மணலுக்கும் காய்ச்சலுக்கும் என்னடி சம்பந்தம்?”

“உங்களுக்கும் மனுசங்களுக்கும் என்ன சம்பந்தம்? அதச் சொல்லுங்க முதல்ல.”

நான் கேட்கவில்லை. கூட்டினேன். மணலைக் கூடையில் அள்ளிக் கொல்லையில் கொட்டினேன். நாலு வாளித் தண்ணீர் ஊற்றிப் பலகையைத் தேய்த்துத் துணியால் ஒற்றினேன். கமலம் ஒரு துரும்பையும் தொடவில்லை, படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டேகால் இருக்கும். வாளியை வைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினால், காய்ந்த தரையில் ஈரமான சின்னக் காலடிகள். வாசலிலிருந்து உள்ளே வந்து, மீனாவின் பாய் கிடந்த மூலைவரை போய் நின்றிருந்தன. ஏதோ மறந்துபோய்த் திரும்பி வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டிலுக்கடியில் பார்த்தேன், தூண்களுக்கிடையில் குனிந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. கமலம் படியைவிட்டு நகரவில்லை, அவளைத் தாண்டாமல் யாரும் உள்ளே வந்திருக்க முடியாது. கூரை ஒழுகுகிறதென்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு துடைத்தேன்.

முதுகைத் திருப்பினேன். மறுபடி இருந்தன. நம்பினால் நம்புங்கள், ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன. இருபத்திரண்டு அடிகள். எண்ணினேன், எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மறுபடி துடைத்தேன். மூன்றாம் முறையும் வந்தபோது கமலம் உள்ளே வந்து துணியை என் கையிலிருந்து பிடுங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

“போற வழியக் கழுவி விட்டுட்டீங்க. புள்ள திரும்பி வந்துட்டா” என்றாள். பிறகு அந்த மூலையைப் பார்த்து, ஏதோ பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் பேசுகிறவள் போல மெதுவாக, “பயப்படாதடா கண்ணு. மாமா இப்ப சரி பண்ணிடுவாரு” என்றாள்.

எதைச் சரி பண்ணுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கூட்டல் தப்பாகப் போனால் எழுதியதை அடித்துவிட்டுப் பழைய இடத்திலிருந்து தொடங்கவேண்டும். மழையில் கொல்லைக்கு ஓடினேன், கொட்டிய மணலையெல்லாம் கூடையில் திரும்ப அள்ளினேன். நான் கழுவித் துடைத்த கூடத்தில், மூலையிலிருந்து வாசல்வரை, நானே என் கையால் தூவினேன்.

அப்போது பார்த்து நோன்யா அம்மாள் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கினார். படியேறி எட்டிப் பார்த்தார். நான் கூடையோடு மண்டியிட்டுக்கொண்டிருந்தேன்.

“கழுவிச் சுத்தமா வச்சிருப்பேன்னு சொன்னீங்க” என்றார் மலாயில். “இது எந்த ஊர்ச் சுத்தம்?”

“அம்மா, இன்று வீடு தர முடியாது. உள்ளே இருந்தவர்கள் இன்னும் போகவில்லை.”

அவர் கூடத்தைப் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். “கடல்காத்து நோயாளிக்குத்தான் நல்லதுன்னாங்க. வீட்டுக்காரருக்கு ஒத்துக்கல போல.”

முன்பணம் பதினான்கு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வண்டிக்கும் கூலி கேட்டார், அதையும் கொடுத்தேன். அவர் காசை எண்ணிக்கொண்டிருக்கும்போதே கமலம் உள்ளேயிருந்து, “வந்து பாருங்க” என்றாள்.

மணலில் காலடிகள். இம்முறை மூலையிலிருந்து வாசலுக்கு. நடந்த கால்கள் அல்ல, ஓடிய கால்கள். நுனி அழுந்தி, குதிகால் பட்டும்படாமல். கடைசி அடி வாசற்பலகையில் இருந்தது. அப்புறம் மழைதான். கடிகாரத்தில் மூன்று ஐந்து.

இருட்டுவதற்குள், அவர்களை ஏற்றிப் போன வண்டிக்காரர் காசிம் வந்தார். அவர் குடியிருப்பதும் காத்தோங்கில்தான். “பாய், புள்ள எப்படி?” என்று அவர் இறங்குமுன்பே கமலம் கேட்டாள்.

“ஒங்களுக்கு யாரு சொன்னதுக்கா?” என்று அவர் திகைத்தார். போகும் வழியில், காலாங் பாலத்துக்குப் பக்கத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டைகள்மேல் கிடத்தினார்களாம். “மூச்சு இருக்கா இல்லையான்னே தெரியல. ஒடம்பு ஜில்லுனு போச்சு. தாயி மண்ணுல உழுந்து அழுவுது. முக்கா மணி நேரம் இருக்கும்க்கா. திடீருன்னு ஓடி வந்த புள்ள மாதிரி மேமூச்சு கீமூச்சு வாங்கிக்கிட்டு எந்திரிச்சு, தண்ணி கேட்டுச்சு.”

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனோம். தனத்தின் இடுப்பிலிருந்த மீனா என்னைக் கண்டதும் இரண்டு கால்களையும் மேலே இழுத்துக்கொண்டு, “மாமா கூட்டித் தள்ளிருவாரு” என்றாள். நாங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தனம் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். நான் உள்ளங்கையை நீட்டினேன். வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு காலை மெதுவாக அதில் வைத்தாள். சூடாக இருந்தது.

கமலத்திடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அது தெரியாமலே அவள் கண்ணை மூடினாள். அன்று மணலில் வெளியே போன அடிகளை மூன்று முறை எண்ணினேன். உள்ளே வந்தவை இருபத்திரண்டு. வெளியே போனவை இருபத்தொன்று.

மீனா நன்றாக இருக்கிறாள். கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். ஆனால் அவளுக்கு முதல் பிரசவம் நெருங்கிய மாதத்தில், காத்தோங் வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டவேண்டும் என்று ஒருவர் விலை பேச வந்தார். இரண்டாயிரத்து எண்ணூறு வெள்ளி. ஓர் அடி இன்னும் உள்ளேதான் இருக்கிறது, மாட்டேன் என்றேன். உமக்கென்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டார். இப்போது அங்கே வாடகைக்கு யாரும் வருவதில்லை. பலகை உளுத்தால் மாற்றுகிறேன், ஓலை வேய்கிறேன், வரி கட்டுகிறேன், கூடத்தை மட்டும் கூட்டுவதில்லை. வேண்டாமென்று விட்ட விலையும் அதன்பின் செலவழித்ததும் சேர்த்து, இன்றுவரை அந்த ஓர் அடிக்காக எனக்கு ஆனது மூவாயிரத்து நானூற்று நாற்பத்தொரு வெள்ளி, முப்பது காசு.