நயினாரின் மீசைக்கு ஒரு சம்மதக் கடிதம்

எங்கள் தூத்துக்குடியில் வெற்றிலை போடாதவனும் நயினார் அண்ணாச்சியின் முகத்தை அறிவான். சிப்பி சுட்டுச் செய்த சுண்ணாம்பை அவர் சின்னத் தகர டப்பாவில் அடைத்து விற்றார். மூடியில் அவருடைய படம். படம் என்றால் முக்கால்வாசி மீசைதான். கன்னத்தைத் தாண்டிக் காது வரைக்கும் போகும். அதை வளர்க்க அவருக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது.

ஏரலில் தாணுலிங்கம் என்றொரு கடைக்காரர். உலகச் சண்டைக் காலத்தில் சரக்குக்குத் தட்டுப்பாடு வந்ததும் அவரும் சுண்ணாம்பு டப்பா போட ஆரம்பித்தார். அதே டப்பா, அதே படம். யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்று அதே மீசையையும் வளர்த்துக்கொண்டார். களவாணித்தனத்தில் இப்படி ஓர் உழைப்பை நான் பார்த்ததில்லை. அவர் சுண்ணாம்பில் வாய் வெந்தவர்கள் நயினாரைத் திட்டினார்கள். நயினாருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் சர்க்காரில் வியாபார மார்க் பதிகிற சட்டம் வந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் எஸ்றா இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுக்க, நயினார் அதை வடக்கே இருந்த ஆபீசுக்கு அனுப்பினார். மார்க் பதிவானால் மொட்டை போடுவதாகத் திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டார். ஒரு மாதத்தில் கிரீடம் அச்சடித்த கடிதாசி வந்தது. கிரீடத்தைப் பார்த்தவர் வாத்தியாரைத் தேடவில்லை. நேரே திருச்செந்தூருக்குப் போய்த் தலைமுடியையும் மீசையையும் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகுதான் எஸ்றா வாசித்துப் பார்த்தார். "அண்ணாச்சி, மனு கிடைச்சிட்டுன்னு போட்டிருக்கான். அவ்வளவுதான்."

அடுத்து வந்தது ஆட்சேபணை. டப்பாவில் காணும் நபர் உயிரோடிருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும், இறந்திருந்தால் வாரிசுகளுடையது. நயினார் தனக்குத் தானே சம்மதம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆபீஸ் விடவில்லை. அப்படியானால் இப்போதைய போட்டோ வேண்டும் என்றது. ரோச் ஸ்டூடியோவில் மொட்டைத் தலையோடு படம் எடுத்து, நேர்ச்சை விவரத்தையும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார்கள். முருகனைப் பற்றி ஆபீசுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் மனுதாரரும் படத்தில் உள்ளவரும் ஒரே ஆள் அல்ல என்று முடிவு கட்டிவிட்டார்கள். படத்தில் உள்ளவரின் சம்மதம் ஒரு மாதத்துக்குள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகும்.

"ஒரு மாசத்துல அந்த மீசைக்கு நான் எங்க போவேன்?" என்றார் நயினார்.

அவர் மனைவி வடிவம்மாள் அரிசி புடைத்தபடியே சொன்னாள்: "ஏரல்லதான் ஒண்ணு இருக்கே."

மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் ஏரலுக்கு பஸ் ஏறினார்.

தாணுலிங்கம் எழுந்து வரவேற்றார். குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் மீசையை ஒருதரம் தடவிக்கொண்டார். "இதுக்கு நீங்க மெனக்கெட்டு வரணுமா அண்ணாச்சி? ஒரு கடுதாசி போட்டா நானே வந்திருப்பேன். எம் மூஞ்சிதானே, தாராளமாப் போட்டுக்கிடுங்க." கையெழுத்துப் போட்டார், போட்டோவும் கொடுத்தார். "நீங்களும் ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. படத்துல இருக்கது நான்தாம்னு. நாளைக்கு எம் மூஞ்சிய நான் போட்டா யாரும் கேக்கப்படாதுல்லா?"

நயினார் எழுதிக் கொடுத்தார். அழுகை வந்தது; பிறத்தியான் கடையில் அழ வெட்கமாக இருந்தது.

மார்க் பதிவாகிவிட்டது. பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். அதற்குள் இரண்டு வருஷம் ஓடியிருந்தது. மழித்த மீசையும் திரும்பக் கன்னத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் வெளியூர் வியாபாரி ஒருவர் சரக்கு எடுக்க வந்தார். பத்திரத்தில் ஒட்டியிருந்த படத்தையும் பார்த்தார், நயினாரையும் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஏரல் முதலாளியப் பாத்து வளக்கீயளாக்கும்?"

மறுநாள் காலையில் நயினார் திருச்செந்தூருக்கு பஸ் ஏறினார். இந்தத் தடவை நேர்ச்சை ஒன்றும் கிடையாது.