மகனின் பகல் நித்திரையும் ஒரு தடிமன் குளிசையும்

என் மகன் நித்திரைக் குளிசைக்குப் பழக்கப்பட்டு, அதனால் தலைமை விமானி ஆகும் வாய்ப்பைத் தவறவிட்டான் என்றொரு கதை எங்கள் உறவினரிடையே இன்றும் உலவுகிறது. திருமண வீடுகளிலும் மரண வீடுகளிலும் அது என் காதுபடவே சொல்லப்பட்டிருக்கிறது. நடந்ததை முழுமையாக அறிந்தவர் மூவர். அவர்களுள் என் மனைவி இப்போது இல்லை. மகன் கடல் கடந்து வாழ்கிறான். எனக்கும் வயது எண்பதை நெருங்குகிறது. எழுதாமல் விட்டால் பிழையான கதையே எஞ்சும் என்பதால் இதனை எழுத முற்படுகிறேன்.

அக்காலத்தில் மகன் துணை விமானியாகத் தொலைநாடுகளுக்குப் பறந்துகொண்டிருந்தான். விடுப்புக் கிடைத்ததும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து பஸ் ஏறி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, முச்சக்கரவண்டியில் மஹய்யாவையிலுள்ள எங்கள் வீட்டை அடைவான். கண்டி நகரம் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் புறப்படும் வேளையில் அவன் படுக்க வேண்டும். உடலோ இன்னும் வேறொரு நாட்டின் பொழுதில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான், நித்திரை வராது.

அவனுக்காக வீட்டை அமைதியாக்குவதையே என் மனைவி ஒரு கலையாகப் பயின்றிருந்தாள். யன்னலுக்குக் கம்பளி கட்டுவாள். அவன் எழும் வரை குக்கரை அடுப்பில் ஏற்றமாட்டாள். பேக்கரிப் பாண் விற்கும் முச்சக்கரவண்டி தன் இசையை முழக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையுமுன், ஒழுங்கை முகப்பிலேயே போய் நின்று பணிஸ் வாங்கிவிடுவாள். வண்டிக்காரரும் இசையை நிறுத்திவிட்டு ஓசையின்றிக் கடந்து போவார். விமானியைப் பார்க்க வரும் அயலவர்கள் கதிரைகளில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அந்தத் தாழ்ந்த குரல்தான் தன்னை எழுப்பிவிடுகிறது என்று மகன் என்னிடம் சொல்லிச் சிரிப்பான். தேவாலய மணியை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த நாள்களின் அமைதியைப் போல ஓர் அமைதியை அதன் பின்னர் நான் எங்கும் கேட்டதில்லை.

சந்தைக்கு அருகில் மருந்தகம் நடத்திய முஸ்லிம் நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய பிள்ளைகள் என்னிடம் தமிழ் கற்றவர்கள். ஒருநாள் மகனையும் அழைத்துக்கொண்டு அவரிடம் சென்று, மருத்துவரின் சீட்டு இல்லாமல் நித்திரைக்கு ஏதேனும் தரமுடியுமா என்று கேட்டேன். நகரில் பலர் சளிக்குரிய தடிமன் குளிசையைத் தடிமனுக்காக வாங்குவதில்லை, கண்ணயரவே வாங்குகிறார்கள் என்றார் அவர். பின்னர் மகனைப் பார்த்து,

“தர ஏலும் தம்பி. ஒங்கட வாப்பா மாதிரி கதிரையில சாஞ்சி பேப்பர் வாசிக்கிற ஆளுக்கு ரெண்டு சரி குடுப்பேன். ஒங்கட கைல அத்தன பேர்ட உசிரு ஈக்கி” என்றார்.

மகனும் அதையே சொன்னான். கடையில் தடையின்றிக் கிடைப்பதாலேயே அது விமானிகளுக்கு ஆகுமென்று கொள்ள முடியாதாம். விழித்த பின்னரும் அதன் மந்தம் உடலில் தங்குமாம். தெளிவாக இருப்பதாக நாமே நம்புவதுதான் அதிலுள்ள இடராம். ஆகவே தங்கள் நிறுவனத்து மருத்துவரைக் கேளாமல் எதையும் உட்கொள்வதில்லை என்றான். வெறுங்கையுடன் திரும்பினோம். அன்று மனைவி எங்களுடன் வரவில்லை.

அடுத்த பருவத்தில், தலைமை விமானியாவதற்குரிய இறுதிப் பறப்புச் சோதனைக்கு மகனின் பெயர் வந்தது. அதற்கு முன்னர் சில நாள்கள் வீட்டில் ஓய்வெடுக்க வந்தான். நித்திரை முன்னிலும் மோசமாயிற்று. புறப்படுவதற்கு முதல்நாள் முற்பகல், மனைவி கொத்தமல்லியும் இஞ்சியும் மரமஞ்சளும் அவித்து, இனிப்புக்குக் கித்துள் பாணியும் விட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் வீட்டில் தூரப் பயணம் போகிறவர் எவரும் அதைக் குடிக்காமல் படியிறங்குவதில்லை. குடித்த சிறிது நேரத்தில் மகன் உறங்கிப்போனான். பிற்பகல் முழுவதும் உறங்கினான். அவள் அறைக் கதவருகே நின்று அவனுடைய மூச்சைக் கேட்டுவிட்டு, முகம் மலர என்னிடம் வந்து சைகை காட்டினாள்.

மாலையில் எழுந்தவன் வாய் உலர்ந்திருக்கிறது, தலை கனக்கிறது என்று சொல்லித் தண்ணீர் கேட்டான்.

“நல்லா தூங்குனீங்கதானே மகன்? தடிமன் குளிசை ஒன்ன தூளாக்கி கித்துள் பாணியில கொழச்சி அதுல கலந்தேன். சின்னப் புள்ளையில குடுக்கிற மாதிரிதான்” என்றாள் அவள், பெருமையுடன்.

மகன் குவளையைக் கீழே வைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய சிரிப்பு மறைந்தது. “அது நித்திரைக் குளிசை இல்லையே, தடிமன் குளிசைதானே” என்றாள். அவன் பொறுமையாக விளக்கினான். மறுநாள் காலையில் தன்னால் விமானத்தில் ஏற முடியாது என்றும் சொன்னான்.

“யாருக்குத் தெரியப் போகுது மகன்? நான் வாயே தொறக்க மாட்டேன்.”

“எனக்குத் தெரியுமேம்மா.”

முன்னறைக் கதிரையில் அமர்ந்து நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினான். தடிமனுக்கென ஒரு குளிசை உட்கொண்டுவிட்டதாகவும், மறுநாள் பறக்கும் தகுதி தனக்கில்லை என்றும் ஆங்கிலத்தில் தெரிவித்தான். தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சோதனை ஒத்திவைக்கப்பட்டது. அவனோடு பயின்றவர்கள் முன்னே சென்றார்கள். அவன் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.

சோதனை முடிந்ததும் உறவினருக்கு விருந்தளிப்பதாக இருந்தோம். அது நின்றதும் காரணம் கேட்டு முதலில் அழைத்தவர் கலகெதரையில் கடை வைத்திருந்த என் மைத்துனர், மனைவியின் அண்ணன். “நான்தான் குளிசை போட்டுட்டேன் மாமா” என்று மகன் பதில் சொன்னான். அதன் பின்னர் உறவினர் கூடிய இடமெல்லாம் அவர், “பஸ் ஓட்டுறவன் வெத்தில போட்டு முழிச்சிக்கிட்டு ஓட்டுறான், நம்ம கெப்டன் நித்திரைக் குளிசை போட்டுட்டு ஓட்டப் பாத்தாரு” என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். அவ்வாறு சொல்லும் வேளைகளில் என் மனைவி எழுந்து சமையலறைக்குச் சென்றுவிடுவாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் பலமுறை மகனிடம் மன்றாடினாள். அவன் இணங்கவில்லை. “என்னைய சொல்லிட்டுப் போகட்டும். உங்கள சொன்னா நான் தாங்கமாட்டேன்” என்றான்.

அவன் பின்னர் தலைமை விமானியானான். வெளிநாட்டு நிறுவனமொன்றில் இன்றும் பறக்கிறான். கதை மட்டும் மாறவில்லை. நோயுற்றுக் கிடந்த நாளொன்றில் மனைவி என் கையைப் பற்றி, “நான் போனப்பறம் சரி என் அண்ணனுக்குச் சொல்லிருங்க” என்றாள். அண்மையில் மகனிடம் அனுமதி கேட்டேன். “அம்மா மனசு தெரியிற மாதிரி எழுதுங்கப்பா” என்றான். என்னால் இயன்ற அளவில் அவ்வாறே எழுதியுள்ளேன். பிள்ளை கண்ணயர வேண்டும் என்பதற்கு மேல் அவள் எதையும் எண்ணவில்லை.

மருந்தியலும் பறப்பியலும் நான் கற்ற துறைகள் அல்ல. அவற்றை அறிந்தோர் இங்கு பிழை கண்டால் தயங்காது சுட்டுக. எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்தோர் நான் மறந்தவற்றை நினைவூட்டுக. கலகெதரை மைத்துனரும் இதனை வாசிப்பார் என்று நம்புகிறேன். வேறுவிதமாக நினைவிருப்பின் அவர் எனக்கு எழுதட்டும், திருத்திக்கொள்கிறேன். இல்லையேல், அவர் தம் கதையைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.