கிழக்குக் கேலரியைக் கட்டிய சொல்

எங்கள் கல்லூரிக் கால்பந்து மைதானத்தின் கிழக்குக் கேலரியைத் திறந்துவைத்தவர் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் அதை உண்டாக்கியது என் அம்மா.

ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, கல்லூரி அணியின் நட்சத்திரம். பயிற்சி நடக்கும் சாயங்காலங்களில் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. வெளியே அம்மா நல்ல தமிழ் பேசுவாள். தம்பி காலுக்குப் பந்து வந்தால் மட்டும் தமிழ் பறந்துவிடும். "கொட்டு! கொட்டு!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். தெலுங்கில் அதற்கு ‘அடி’ என்று அர்த்தம்.

ஒருநாள் கல்லூரிக்குப் பின்னாலிருந்த பள்ளத்தை மூடச் செம்மண் லாரிகள் வந்தன. முதல் லாரி டிரைவர் சாமல்பட்டிக்காரர், வேலைக்குப் புதுசு. மண்ணை எங்கே இறக்குவது என்று தெரியாமல் மைதானத்தின் ஓரம் நிறுத்தித் தலையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து அம்மா, "கொட்டு!" என்றாள். அவர் கொட்டிவிட்டார். பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் கொட்டினார்கள். மாமா கோல் போட்டுவிட்டுத் திரும்பினால் கிழக்கே ஒரு குன்று நின்றது.

பிரின்சிபால் ஓடிவந்தார். "யாரைக் கேட்டுய்யா இங்க கொட்டின? ஞாயித்துக்கிழமை ஃபைனல்! உன் முதலாளிகிட்ட சொல்லி வேலையவிட்டே தூக்கறேன் பாரு."

டிரைவர் அம்மாவைக் காட்டினார். இரண்டு மொழியும் தெரிந்த பெருமையில் நான், "அம்மா அடின்னுதான்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"நான்தானுங்க சார் கொட்டச் சொன்னேன். ஜனங்க உக்காந்து பாக்கட்டும்னு."

நட்சத்திர ஆட்டக்காரனின் அக்காவை அவர் என்ன செய்ய முடியும்? "ஆட்டம் கெட்டுதுன்னா இவன் வேலை போச்சு" என்று உறுமிவிட்டுப் போனார்.

ஞாயிறன்று பக்கத்திலிருந்த பாகலூர் ஜனமெல்லாம் வந்தது. ஷிப்ட் முடிந்தவர்கள் யூனிபாரத்தோடு மேட்டில் ஏறினார்கள். அதுவரை முன்னால் நிற்பவர்களின் முதுகை மட்டுமே பார்த்த எனக்கு முழு மைதானமும் தெரிந்தது. எதிரணி பெங்களூர்க்காரர்கள். ஆளுக்கொரு கோல் என்று நின்றபோது, கடைசி நிமிடத்தில் மாமா காலில் பந்து. தமிழ், கன்னடம் என்று பாராமல் மேடு மொத்தமும் அம்மாவோடு சேர்ந்து, "கொட்டு! கொட்டு!" என்று அலறியது. மாமா கொட்டினார். ஜெயித்தோம்! அப்படியொரு சந்தோஷம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. பிரின்சிபால், தானே திட்டம் போட்டதுபோல மேட்டின் உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பின்னாளில் அந்த மேட்டில்தான் கல் படிகள் வைத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவர் வந்தார். எல்லோரும் தூக்கிக்கொண்டிருந்த மாமாவைத் தாண்டி, நேராக அம்மா முன்னால் நின்று கண் கலங்கக் கும்பிட்டார். பாவம், ஆட்டமே தெரியாத மனிதர் என்று நினைத்தேன்.

"கோல் போட்டது எங்க அம்மா இல்லிங்க, அதோ, எங்க மாமா" என்று அவருக்குக் கைநீட்டிக் காட்டினேன்.