பாறை வீடுகளை வரைந்த காலம்

எண்பதுகளின் நடுவில் லண்டனில் ஒரு சிறிய பதிப்பகத்துக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்தும் திரும்பாமல் தங்கிவிட்டவள் நான். நகரின் கிழக்கே செவன் கிங்ஸ் பகுதியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அலுவலகத்திலும் எனக்கு மாடியறைதான். சில நாட்களில் ரயில் நிலையத்தில் சொன்ன ஒரு ‘தேங்க் யூ’வைத் தவிர வாயைத் திறக்க வேலையே இருக்காது.

ஒரு குளிர்காலத்தில், அமெரிக்கப் பாலைவனக் காப்பகம் ஒன்றைப் பற்றிய கையேட்டுக்குப் படங்கள் கேட்டார்கள். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள், செங்குத்துப் பாறையின் குழிவுகளுக்குள் கல்லையும் மண்ணையும் குழைத்து வீடு கட்டியிருந்தார்கள். அந்த வீடுகளையும், அங்குள்ள மலையாடு, ஆமை, ஆந்தைகளையும் புகைப்படம் பார்த்து நான் வரைய வேண்டும். புகைப்படங்களை அனுப்பியவர் அந்தக் காப்பகத்தில் காவலராக இருந்த ஒரு பெண்.

ஒரு படத்தில் சுவரில் கறுப்பாக ஒரு சதுரம். கதவா, சன்னலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. “கதவுதான். குளிர் உள்ளே வராமலிருக்க முழங்கால் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். இப்போது அதற்குள் ஒரு ஆந்தை குடியிருக்கிறது. எனக்கே உள்ளே போக அனுமதி கிடையாது.”

கையேடு வெளிவந்த பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. மிக அருகிலிருந்த கடைக்கே அவர் ஒரு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். கொம்பு சுருண்ட கிடாக்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் பள்ளத்தாக்கில் எதிரொலிப்பதைப் பற்றி எழுதுவார். பதிலுக்கு எழுத என்னிடம் என்ன இருந்தது? கீழ்வீட்டு விருந்துகளை என் விருந்துகளாக எழுதினேன். பிறந்தநாளும் பூப்புனித நீராட்டும் இருபது பேர் சாப்பாடும் மாடிப்படி வழியாகக் காதில் விழுந்தவை. நானும் நடுவில் உட்கார்ந்திருந்ததுபோல எழுதிவிட்டேன். ‘நீ ஒரு நாளும் தனியாக இருப்பதில்லை, கொடுத்துவைத்தவள்’ என்று அவர் பதில் எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

நான்கு வருடம் இப்படிப் போனது. பிறகு, அடுத்த மாதம் ஒரு உறவினரின் நினைவுக் கூட்டத்துக்காக லண்டன் வருவதாக எழுதினார். ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்களையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

இரண்டு நாள் தவித்துவிட்டு, வீட்டுக்கார அக்காவிடம் போய் நின்றேன்.

“அக்கா, ஒரு தப்பு செஞ்சிட்டேன்.” எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “எத்தினை தரம் கீழ சாப்பிட வாரும் எண்டு கேட்டனான்? ஒவ்வொரு முறையும் சாப்பிட்டாச்சு எண்டு சொல்லுவீர்.”

“ஆமாக்கா.”

“சரி, கூட்டிக்கொண்டு வாரும். அவ ஆட்டிறைச்சி சாப்பிடுவாவோ?”

ஞாயிறன்று பதினெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். விருந்தாளிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் காய்ந்து சுருங்கிய முகம். ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டார்கள், இடியப்பத்தை அள்ளி வைத்தார்கள். தொலைக்காட்சி ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவரைக் காணவில்லை.

பின்தோட்டத்தில் அசையாமல் நின்றிருந்தார். கொட்டகைக் கூரையில் ஒரு நரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. லண்டன் தோட்டங்களுக்கு நரி வருவது வழக்கம்தான். நான் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடிதத்தில் ஒரு வரி எழுதத் தோன்றியதில்லை. அவர் பக்கத்தில் போய் நின்று மெதுவாகச் சொன்னேன். “இவர்கள் என் ஆட்கள் இல்லை. நான் இந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள்.”

அவர் நரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தெரியும். உன் கடிதங்களில் இருபது பேர் சாப்பிடுவார்கள். ஆனால் ஒருவர்கூட வாய் திறந்து எதுவும் பேசுவதில்லை.”

“பிறகு ஏன் எழுதிக்கொண்டே இருந்தீர்கள்?”

“வாரத்துக்கு ஒரு முறைதான் தபால் வரும். அதில் என் பெயர் எழுதிய உறை உன்னுடையது மட்டும்தான்.”

நரி எழுந்து சோம்பல் முறித்து அடுத்த தோட்டத்தில் குதித்துப் போனது. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காததுபோல இருந்தார். பிறகு, உள்ளே அவ்வளவு சத்தத்தைத் தன்னால் தாங்க முடியவில்லை, மன்னித்துக்கொள் என்றார். ரயில் நிலையம்வரை அவரோடு நடந்தேன். நான்கு வருடம் பக்கம் பக்கமாக எழுதியவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தில் பேச எதுவும் கிடைக்கவில்லை. ரயில் வந்ததும் கையைக் குலுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு மூன்று கடிதங்கள்தான் வந்தன. உண்மையை மட்டும் எழுத ஆரம்பித்ததும் என் கடிதங்கள் அரைப் பக்கமாகிவிட்டன. கடைசிக் கடிதத்தில், நகரத்திலுள்ள அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள், சன்னலிலிருந்து கார் நிறுத்துமிடம் தெரிகிறது என்று எழுதியிருந்தார். நான் அனுப்பிய பதில், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

தொண்ணூறுகள் முழுக்க அந்த மாடியறையிலேயே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போய்ச் சாப்பிடுவேன். அக்கா பேசிக்கொண்டே பரிமாறுவார். நானும் ஏதாவது சொல்வேன். மற்ற ஆறு நாட்களும் பழையபடிதான்.