எலிக்குப் பயந்து பூட்டிய வீடு

பெங்களூரில் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் அகலத் தெருக்களோடு வளர்ந்ததில் எலிக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நூற்றுச் சில்லறை வருடங்களுக்கு முன் இங்கே பிளேக் வந்தது. எலி செத்து விழுந்தால் சனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். நெரிசலைப் பார்த்து மிரண்ட அரசாங்கம் புது இடங்களில் குடியேற்றத்தை வேகப்படுத்தியது. பிளேக்குக்கென்றே ஒரு மாரியம்மனும் உண்டானாள். கல்யாணப் பந்தியில் இதைச் சொல்லிப் பலருடைய பசியைக் கெடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

கன்டோன்மென்ட் பக்கம் நான் பிறந்த சந்தில் அந்த வெளியேற்றம் இன்னும் நடக்கிறது. வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டைப் பூட்டி, பாத்திரம் பண்டத்தோடு ஏரிக்கரைக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு, பொழுது சாய்ந்தபின் அம்மனைக் கும்பிட்டுக் கதவைத் திறப்பார்கள். அதுவரை உள்ளே ஆள் இருக்கக் கூடாது. இப்போது எல்லா வீட்டிலும் டிவி பார்க்க ஒருவரை விட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அம்மனும் கண்டுகொள்வதில்லை. என் தங்கையோடு படித்த ஒருத்தி மட்டும் ஒழுங்காகப் பூட்டிக்கொண்டு போவாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஹவுஸ்கீப்பிங் வேலை, புருஷன் இல்லை, காலேஜில் படிக்கும் ஒரு மகள்.

அந்தச் சந்து வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டி, அங்கே குடியிருப்பவர்களுக்கே வீடு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆட்கள் வந்தது, சொல்லிவைத்தாற்போல் போன வருஷம் அந்தச் செவ்வாய்க்கிழமை. அம்மனை ஏமாற்றியவர்கள் டிவியை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தார்கள். இவள் வீட்டைக் காலி வீடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

லிங்கராஜபுரத்தில் இருக்கும் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணா, நீங்க வந்து அந்த ஆஃபீசர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா மூடநம்பிக்கைன்றாரு. நீங்க சொன்னா சரித்திரம்."

இஸ்திரி போட்ட சட்டையில் சரித்திரமாகப் போய் நின்றேன். அதிகாரி கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். எனக்கு மட்டும் நாற்காலி காட்டினார். எலியில் ஆரம்பித்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கொட்டகைக்கு வரும்போது பக்கத்து அறை ஆட்களையும் கூப்பிட்டார்.

"சக்கத்தா இருக்கு சார், சூப்பர்! நாங்க இந்த ஊர்லயே பொறந்தவங்க, நமக்கே தெரியாது பாருங்க."

"அதனாலதான் சார் அன்னைக்கு அவங்க வீடு பூட்டி இருந்துச்சு. ஒரு தடவை வந்து பாத்தீங்கன்னா..."

"அது முடிஞ்சுபோச்சு சார். பூட்டின வீடுன்னா காலி வீடு. ரூல் அப்படி."

"கரென்ட் பில் இருக்கு, வோட்டர் கார்டு இருக்கு சார்" என்றாள் நின்றபடியே.

"காலி வீட்டுக்கும் பில் வருதும்மா. ஒரு ஆளையாவது வீட்ல விட்டுட்டுப் போறதுக்கு என்ன?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த அம்மன் கோயில் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். "நான் தனியா வந்திருந்தா ஒரு நிமிஷத்துல தொரத்தியிருப்பாரு. நீங்க வந்ததால டீ குடுத்துத் தொரத்துனாரு."

டீ எனக்கு மட்டும்தான் வந்தது என்பதை அவள் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதிகாரி போன் செய்தார். கர்நாடக மாநிலம் உருவான நாளுக்கு ஆபீசில் ராஜ்யோத்சவ விழா, அந்த எலிக் கதையை வந்து பேச வேண்டுமாம். அவள் விஷயத்தை இன்னொரு முறை கேட்கலாம் என்று போனேன். பேசினேன், நன்றாகக் கைதட்டினார்கள். சால்வை போர்த்தி, தலையில் மைசூர்ப் பேட்டாவை வைத்தார்கள். ஜரிகைத் தலைப்பாகை கண்ணை மறைக்க, மேடையிலேயே அதிகாரியின் காதருகே குனிந்து அவள் விஷயத்தைக் கேட்டேன்.

"சார், இன்னைக்கு ஃபங்க்ஷன் சார்" என்று போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த வாரமே அவள் பொம்மசந்திராவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துவிட்டாள். வேலைக்குப் பக்கம்தானே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வேறொன்றும் தோன்றாததால் நானும் அதையே சொன்னேன்.

"ஆமாண்ணா, பக்கம்தான்" என்றாள். "உங்களுக்குப் பேட்டா கட்டுனாங்களாமே. போட்டோ அனுப்புங்க, பாக்கலாம்."

போட்டோ சரியாக வரவில்லை என்று சொன்னேன். நன்றாகத்தான் வந்திருந்தது.